ஒரு ‘அடடா’வின் எடை

சீசனுக்கு முந்தைய சோதனை ஓட்டத்தின் முதல் நாள், காலை பத்து மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு, மூன்றாவது வளைவில் சாம்பல் நிறப் பந்தயக் கார் ஒன்று தரையிலிருந்து ஒரு சாண் உயரம் எழும்பி, ஐம்பது அடி தூரம் சக்கரம் எதிலும் படாமல் மிதந்து, கூழாங்கல் படுகையில் போய் உட்கார்ந்தது. காற்றின் வேலை அல்ல. அன்றைக்குக் காற்றே இல்லை. கொடிகளெல்லாம் கம்பத்தோடு ஒட்டிக்கொண்டு தொங்கின. வண்டியைத் தூக்கியது எதிரே புல்மேட்டில் உட்கார்ந்திருந்த நாலாயிரத்து இருநூறு பேரின் சிரிப்பு. ஓட்டுநருக்கு ஒரு கீறல்கூட இல்லை. முன் இறக்கை மட்டும் இரண்டாக உடைந்தது.

விஷயம் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. மற்ற ஊர் டிராக்குகளில் ரசிகர்கள் சொல்வது காற்றோடு போய்விடும். இங்கே மேட்டில் சொல்வது சரிவில் உருண்டு இறங்கி வண்டிகளின் மேல் போய் விழும். எதனால் என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். பல்கலைக்கழகத்திலிருந்து நான்கு பேர் கருவிகளோடு வந்து இரண்டு வாரம் தங்கி, கேன்டீனில் இருந்த முட்டையையெல்லாம் தின்று தீர்த்துவிட்டு, மேற்கொண்டு ஆராய வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஊரில் யாரும் அதற்காகக் காத்திருக்கவில்லை. கைதட்டல் ஒன்றுக்குப் பத்து கிராம், ‘பரவாயில்லையே’ இருபது, மனசார வரும் ‘அடடா’ நாற்பது என்பது இங்கே சின்னக் குழந்தைக்கும் தெரியும். நாலாயிரத்து இருநூறு பேர் ஒரே நேரத்தில் ‘அடடா’ என்றால் நூற்று அறுபத்தெட்டு கிலோ வண்டியின் முதுகில் ஏறி உட்காரும். டயர்கள் சாலையைக் கவ்விக்கொள்ளும். பிரேக்கை மிதித்துத் திரும்ப வேண்டிய வளைவில் மிதிக்காமலே திரும்பிவிடலாம். சிரிப்பு இதற்கு நேர் எதிர், அது தூக்கும். ‘அடடா’வைவிட அதற்கு ஆறு மடங்கு வலு, ஏனென்றால் சிரிப்பதற்கு முன்னால் யாரும் யோசிப்பதில்லை. எல்லா அணி இன்ஜினியர்களின் நோட்டிலும் டயர் காற்றுக்கும் சாலைச் சூட்டுக்கும் நடுவே ‘மேடு’ என்று ஒரு கட்டம் இருக்கும்.

மேட்டுக்காரர்கள் என்றால் லேசுப்பட்டவர்கள் இல்லை. பந்தய நாளில் யார் வேண்டுமானாலும் வருவார்கள். யார் ஜெயித்தார் என்று தெரிந்ததும் எழுந்து போய்விடுவார்கள். சோதனை ஓட்டத்துக்கு வருகிறவர்கள் வேறு ஜாதி. அங்கே ஜெயிப்பதும் இல்லை, தோற்பதும் இல்லை. சில சமயம் இரண்டு மணி நேரம் ஒரு வண்டியும் வெளியே வராது. ஆனாலும் குளிர்காலம் முழுக்க மூடி வைத்திருந்த வண்டி முதல் முறை வெயிலில் வரும் அந்த ஒரு நிமிடத்துக்காக, மடக்கு நாற்காலியும் குடையும் பிளாஸ்க்குமாக விடியும்போதே வந்து இடம் பிடித்துவிடுவார்கள். அந்த மூன்று நாளும் ஊரில் பாதிப் பேருக்குக் காய்ச்சல். காய்ச்சலுக்கு மருந்து கொடுக்கிறவருக்கும் காய்ச்சல். பல் டாக்டர் தன் கிளினிக் கதவில் ‘டாக்டருக்குப் பல் வலி’ என்று எழுதி மாட்டிவிட்டு வருவார். பக்கவாட்டுத் தகட்டில் விரல் நீளத்துக்கு ஒரு வளைவு மாறியிருந்தால் போதும், அதைப் பற்றி மத்தியானம் வரை பேசுவார்கள். பேசட்டும், அது அவர்களுடைய சொர்க்கம்.

அந்த மேட்டுக்கு ஒரு வழக்கம் உண்டு. புது வண்டி முதல் முறை வரும்போது, ஒருவர் முதல் வார்த்தையைச் சொல்லும்வரை மற்றவர்கள் வாய் திறக்கக் கூடாது. பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால் இப்படி ஒரு கட்டுப்பாடு இல்லை. அப்போது ஒரு மஞ்சள் வண்டியைப் பார்த்து மேட்டின் இடது பக்கம் ‘அடடா’ என்றது, வலது பக்கம் சிரித்துவிட்டது. வண்டி ஒரு பக்கம் அமுங்கி ஒரு பக்கம் தூக்கி, இரண்டு சக்கரத்திலேயே ஓடி, கேன்டீன் சுவரில் முட்டி நின்றது. அதற்குப் பிறகுதான் டிராக் நிர்வாகம் கையெடுத்துக் கும்பிட்டு, ஒரு ஆள் சொல்லட்டும், மற்றவர்கள் அதன்படி போங்கள் என்று கேட்டுக்கொண்டது. அந்த ஒரு ஆள் யார் என்பதில் தகராறே வரவில்லை. வீடுகளுக்கு டைல்ஸ் போடுகிறவர், தரை மட்டம் பார்க்கும் கருவியின் பெயரால் எல்லோரும் ‘ரசமட்டம்’ என்று கூப்பிடுகிறவர், அந்த மஞ்சள் வண்டி வந்த அதே வாரம், இருநூறு மீட்டர் தூரத்திலிருந்து ஒரு சிவப்பு வண்டியைப் பார்த்து, “முன்னாடி எடது சக்கரம் ரெண்டு நூல் எறங்கியிருக்கு” என்று சொன்னார். அணிக்காரர்கள் அளந்து பார்த்தார்கள். சரியாக இரண்டு நூல், அதாவது கால் அங்குலம். நன்றி சொல்லிக் கடிதம் அனுப்பினார்கள். அதை அவர் சிமெண்ட் மூட்டைக்கு அடியில் வைத்துத் தொலைத்துவிட்டார்.

பன்னிரண்டு வருடத்தில் ரசமட்டம் ‘அடடா’ சொன்னது இரண்டே முறை. மற்றதெல்லாம் ‘பரவாயில்லை’, ‘பாக்கலாம்’, ‘பின்னாடி கனம்’ என்கிற மாதிரிதான். முகத்துக்காகவோ ஊருக்காகவோ அவர் ஒரு வார்த்தை கூட்டிச் சொன்னதில்லை. மேடும் அப்படித்தான். அந்த மேட்டில் அதுவரை ஒருத்தரும் பொய் சொன்னதில்லை என்பதை இங்கே குறித்துவைக்க வேண்டும், பின்னால் வரப்போவது அதனால்தான் வந்தது.

அந்த வருடத்து வண்டிகள் கண்ணைப் பறித்தன. ஒன்பது மணிக்கு முதலில் வந்தது கருநீல வண்டி. பக்கவாட்டில் தண்ணீர் ஓடிய தடம் போல ஒரு பள்ளம், அதன் முடிவில் வால் அப்படியே ஒடுங்கிக் கை அகலமாகியிருந்தது. ரசமட்டம் தலையைச் சாய்த்துப் பார்த்தார். “வேலை தெரிஞ்சவன் செஞ்சிருக்கான்” என்றார். மேடு கைதட்டியது, நீல வண்டி ஓர் அங்குலம் அமுங்கி, உறுமலை மாற்றாமல் வளைவைச் சுற்றிப் போனது. அடுத்து வந்த வெள்ளையில், இறக்கையின் ஓரங்களை ஆரஞ்சுப் பழத்தின் தோல் மாதிரி மெல்லிசாகச் சீவியிருந்தார்கள். பல் டாக்டருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. பக்கத்தில் துணி தேய்க்கும் கடை வைத்திருக்கும் அம்மா தன் கைக்குட்டையைக் கொடுத்து, “அழுங்க டாக்டர், தப்பில்ல” என்றார். மூன்றாவதாகப் பச்சை. அதைப் பார்த்ததும் ரசமட்டம் ‘அடடா’ என்றார். பன்னிரண்டு வருடத்தில் மூன்றாவது ‘அடடா’. மேடே எழுந்து நின்றது. பச்சை வண்டி அந்த வளைவைக் கடந்த வேகத்தைப் பார்த்து, நேரம் குறிக்கிற கடிகாரத்தைக் கழற்றிப் பழுதா என்று பார்த்தார்கள். பழுதில்லை.

இப்படி எல்லோரும் வாய் நிறைய சந்தோஷத்தோடு இருந்த நேரத்தில்தான் சாம்பல் வண்டி வந்தது. அது எல்லா அணிகளிலும் சின்ன அணியின் வண்டி. மூக்கு அகலமாக, தட்டையாக, முன்னால் கூம்பி இருந்தது. ஓட்டுநரின் தலைக்கு மேலே கைப்பிடி மாதிரி ஒரு வளையம். எந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாலும் அந்த மூக்குதான் தெரிந்தது. மேடு ரசமட்டத்தைப் பார்த்தது. அவர் வண்டியைப் பார்த்தார். “இஸ்திரிப் பெட்டிக்குச் சக்கரம் மாட்டி அனுப்பிட்டானுங்கய்யா” என்றார். அவ்வளவுதான். நாலாயிரத்து இருநூறு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். இஸ்திரிப் பெட்டியைக் கேவலமாகப் பேசியதற்காக முகம் சுளித்த தேய்ப்புக்கடை அம்மாவும் கடைசியில் அடக்க முடியாமல் சிரித்தார். ஆயிரத்தெட்டு கிலோ சிரிப்பு. வண்டியும் ஓட்டுநருமாகச் சேர்த்து எண்ணூறு கிலோகூட இல்லை. மிதக்காமல் என்ன செய்யும்?

கூழாங்கல் படுகையிலிருந்து ஓட்டுநர் இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றினார். பெண். உடம்பைத் தட்டிவிட்டுக்கொண்டு, நேராக மேட்டைப் பார்த்தார். மேட்டிலும் ஒரே ஒரு இடத்தைப் பார்த்தார். பல் டாக்டர்தான் முதலில் பைனாகுலரை இறக்கினார். “அண்ணே, அது உங்க தங்கச்சி மாதிரி இல்ல?” என்று கேட்டார். ரசமட்டம் அவர் கையிலிருந்து பைனாகுலரைப் பிடுங்கிப் பார்த்தார்.

தங்கச்சிதான். அண்ணனைவிடப் பன்னிரண்டு வயது சின்னவள், ஊர் ஆஸ்பத்திரியில் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவள். எலும்பு முறிந்து கிடக்கிறவரைப் பின்னால் வைத்துக்கொண்டு, ஒரு குலுக்கல் இல்லாமல், ஆனால் ஒரு நிமிடமும் வீணாக்காமல் கொண்டுசேர்க்க வேண்டும் என்பது அவள் பிழைப்பு. விடுமுறை நாட்களில் சின்ன வகைப் பந்தயங்களில் ஓட்டி நான்கு கோப்பைகள் வாங்கியிருந்தாள். அவற்றில் ஒன்றில் சமையலறைக் கரண்டிகள் கிடந்தன. சோதனை ஓட்டத்துக்கு எட்டு நாள் முன்னால், சின்ன அணியின் ஓட்டுநர் தன் வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். (அந்தக் குளியலறைக்கு டைல்ஸ் போட்டது ரசமட்டம் அல்ல.) அணியின் தலைமை இன்ஜினியர், மூக்குக் கண்ணாடியை எப்போதும் நெற்றியிலேயே வைத்திருக்கும் ஒரு பெண்மணி, அவளைக் கூப்பிட்டுப் பேசினார். மூன்று நாள் ஓட்டலாம். மூன்றாம் நாள் சாயங்காலம் ஐந்து மணிக்குள் ஒரு சுற்றை எண்பத்தெட்டு நொடிக்குக் கீழே முடித்தால் வருடம் முழுக்க அந்த சீட் அவளுக்கு. முடியாவிட்டால் சீட் வேறொருவருக்கு. அந்த வேறொருவர் ஏற்கெனவே வந்து, கொட்டகை ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யாரிடமும் சொல்லக் கூடாது என்று கையெழுத்து வாங்கியிருந்ததால், அண்ணனிடம் வெளியூரில் மூன்று நாள் ட்ரெய்னிங் என்று சொல்லிவிட்டுக் கிளம்பியிருந்தாள். சின்ன வயதிலிருந்து அந்த மேட்டில் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து வண்டி பார்த்தவளுக்கு, வாழ்க்கையில் வேண்டியிருந்தது அந்த ஒரு சீட்தான். அதைத்தான் அண்ணன் முதல் வார்த்தையிலேயே தூக்கிக் கூழாங்கல்லில் போட்டிருந்தார்.

முன் இறக்கையை மாற்றி முடிப்பதற்குள் முதல் நாள் போய்விட்டது. இரண்டாம் நாள் விடிந்ததும் ரசமட்டம் மேட்டில் ஒவ்வொரு நாற்காலியாகப் போய் நின்றார். பன்னிரண்டு வருடமாக யாரிடமும் எதுவும் கேட்காத மனுஷன். “என் தங்கச்சிய்யா. வண்டி வரும்போது நான் அடடாங்கிறேன். நீங்களும் கொஞ்சம்…” என்று இழுத்தார். மேட்டுக்காரர்கள் நல்லவர்கள். “இதுக்குப் போய் கெஞ்சுவீங்களா? உங்க தங்கச்சி எங்களுக்குத் தங்கச்சி இல்லையா?” என்றார்கள். கேன்டீன்காரர் ஒரு முறை நெஞ்சு வலியில் அவளுடைய ஆம்புலன்ஸில் போய்ப் பிழைத்தவர். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தொண்டை கரகரக்காமல் இருக்க எல்லோருக்கும் வெந்நீர் கொடுத்தனுப்பினார்.

ஒன்பதே முக்காலுக்குச் சாம்பல் வண்டி வந்தது. ரசமட்டம் இரண்டு கையையும் தூக்கி, ‘அடடா’ என்று கத்தினார். நாலாயிரத்து இருநூறு பேரும் அடிவயிற்றிலிருந்து ‘அடடா’ என்றார்கள். வண்டியின் மேல் ஒரு கிராம்கூட விழவில்லை. அது வந்த வேகத்திலேயே வளைவில் தள்ளாடி, தள்ளாடி, எப்படியோ சமாளித்துப் போய்விட்டது. பொய் ‘அடடா’ சரிவில் உருளாது, சொன்னவர் தலையிலேயே விழும் என்பதும், அதன் எடை நாற்பது கிராம் அல்ல, நாற்பது கிலோ என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. முந்தின வாரம் பெய்த மழையில் மேடு ஊறிப்போயிருந்தது. மொத்த மேடும் ‘சொத்’ என்று ஒரே சத்தத்தோடு முழங்கால் வரை மண்ணுக்குள் இறங்கியது. பதற்றத்தில் இன்னும் இரண்டு முறை கத்திய ரசமட்டம் இடுப்பு வரை இறங்கினார். நாற்காலிகள் இறங்கின, குடைகள் இறங்கின, தேய்ப்புக்கடை அம்மாவின் டிபன் பாக்ஸ் இன்றைக்கும் உள்ளேதான் இருக்கிறது. தீயணைப்புக்காரர்களும் டிராக் ஆம்புலன்ஸ்காரர்களும் மண்வெட்டியோடு ஓடிவந்தார்கள். ஆம்புலன்ஸ் இடத்தில் இல்லாவிட்டால் வண்டி ஓட்டக் கூடாது என்பது விதி. எனவே சிவப்புக் கொடி காட்டி எல்லாவற்றையும் நிறுத்தினார்கள். கடைசி ஆளைத் தோண்டி எடுக்கும்போது சாயங்காலம் நாலரை. கேன்டீன்காரர் முழங்கால் மண்ணில் நின்றபடியே டீயைக் கைமாற்றிக் கைமாற்றி மேலே வரை அனுப்பினார். இரண்டாம் நாளும் அப்படிப் போயிற்று.

தங்கச்சி வீட்டுக்கு வந்தபோது அண்ணன் சமையலறைத் தொட்டியில் பேண்ட்டை அலசிக்கொண்டிருந்தார். தண்ணீர் காப்பி நிறத்தில் ஓடியது. இனி மறைக்க ஒன்றும் இல்லை என்பதால் அவள் நேராக வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

“நேத்து சிரிச்சதுக்குக் கோவமா?” என்று திரும்பாமலே கேட்டார்.

“சிரிப்பு வந்துச்சு, சிரிச்சே. அந்த மூக்க மொத நாள் பாத்தப்ப நானே வாயப் பொத்திக்கிட்டு வெளிய ஓடினேன்.”

“அப்புறம் ஏன் மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கே?”

“இன்னைக்குக் கத்தினியே, அதுக்கு. பன்னெண்டு வருஷமா யாருக்காகவும் ஒரு வார்த்த கூட்டிச் சொல்லாத ஆளு நீ. எனக்குன்னு வரும்போது பொய் சொல்றியா? என்னையப் பத்தி அவ்வளவுதான் நெனச்சியா?”

ரசமட்டத்துக்குச் சுருக்கென்றது. “நீ மட்டும் ட்ரெய்னிங்னு புளுகலையா?” என்று சும்மா ஒரு வார்த்தை போட்டுப் பார்த்தார்.

“அது கையெழுத்துப் போட்டுச் சொன்ன பொய், அதுக்குப் பேப்பர் இருக்கு” என்றாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். பிறகு அவள் சிரிக்கவில்லை. “நாளைக்கு வாண்ணே. வந்து ஒழுங்காப் பாரு. நீ மூக்கத்தான் பாத்தே. புடிக்கலன்னா வாயத் தொறக்காதே. எனக்குப் பாவம் மட்டும் பாக்காதே” என்று சொல்லிவிட்டு, குழம்பு இருக்கிறதா என்று பாத்திரத்தைத் திறந்து பார்த்தாள்.

மூன்றாம் நாள் மேட்டில் பாதிப் பேருக்குச் செருப்பு இல்லை. இனிப் பொய் சொல்வதாக இல்லை. ஆனால் மூக்கைப் பார்த்தால் சிரிப்பு வந்துவிடுமே என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது. பல் டாக்டர் தன் கிளினிக்கிலிருந்து மூட்டையாகப் பஞ்சு உருளைகளைக் கொண்டுவந்து, பல்லுக்கு நடுவே கடித்துக்கொள்ளும்படி ஆளுக்கு இரண்டு கொடுத்தார். அப்படியாக, சரித்திரத்தில் முதல் முறையாக அந்த மேடு காலையிலிருந்து சத்தமே இல்லாமல் இருந்தது. நீலமும் வெள்ளையும் பச்சையும் போய்ப் போய் வந்தன. அவற்றையும் பஞ்சைக் கடித்துக்கொண்டே கண்ணால் மட்டும் ரசித்தார்கள். சாம்பல் வண்டி எண்பத்தெட்டு புள்ளி ஆறில் சுற்றியது. மறுபடி எண்பத்தெட்டு புள்ளி ஆறு. டயர் மாற்றினார்கள், எண்பத்தெட்டு புள்ளி ஐந்து. மூன்றாவது வளைவில் மற்ற வண்டிகளுக்கு முந்தின நாட்களின் பாராட்டு கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது, இதற்கு ஒன்றும் இல்லை. அங்கேதான் அந்த அரை நொடி போய்க்கொண்டிருந்தது. நாலு மணிக்கு மேல் பிளாஸ்டிக் நாற்காலிக்காரர் எழுந்து கையுறையை மாட்ட ஆரம்பித்தார். அவரைக் குறை சொல்ல முடியாது, அவரும் மூன்று நாளாக உட்கார்ந்திருந்தார்.

ரசமட்டம் அன்றைக்கு நாற்காலியில் உட்காரவில்லை. ஒரு தரையைப் போட்டு முடித்ததும் டைல்ஸ்காரர்கள் ஒரு காரியம் செய்வார்கள். நின்றுகொண்டு பார்த்தால் எந்தத் தரையும் நன்றாகத்தான் தெரியும். ஆகவே குப்புறப் படுத்து, கன்னத்தைத் தரையில் வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார்கள். அப்போதுதான் எது தூக்கியிருக்கிறது, எது இறங்கியிருக்கிறது என்று தெரியும். அவர் சரிவின் அடியில், வேலிக் கம்பிக்குக் கீழே, அப்படிப் படுத்துக்கொண்டார். முதலில் வண்டியின் வயிற்றுக்கும் சாலைக்கும் நடுவில் தெரியும் வெளிச்சத்தைப் பார்த்தார். மூன்றாவது வளைவில் சாலை ஒரு இடத்தில் மேடு தட்டி இருக்கும். அங்கே நீல வண்டி குதித்தது, வெள்ளை குதித்தது, அவர் ‘அடடா’ சொன்ன பச்சையும் குதித்தது. சாம்பல் வண்டி குதிக்கவில்லை. அந்த அசிங்கமான மூக்கு காற்றை அள்ளி அடியில் விட்டுக்கொண்டே இருந்ததில், அந்த வெளிச்சக் கோடு முன்னாலிருந்து பின்னால் வரை ஒரே அகலத்தில் இருந்தது. இரண்டு டைல்களுக்கு நடுவே விடும் இடைவெளி மாதிரி.

அந்தப் பெருமையை அவர் வண்டியின் மூக்குக்குக் கணக்கு எழுதினார். பிறகு டயர் போகும் தடத்தைப் பார்த்தார். வளைவின் உள் ஓரத்தில் ஒரு வெள்ளைக் கோடு உண்டு. சாம்பல் வண்டியின் டயர் அந்தக் கோட்டின் மேல் கட்டைவிரல் அகலத்தை மட்டும் தொட்டுப் போனது. அடுத்த சுற்றிலும் அதே கட்டைவிரல் அகலம். அதற்கு அடுத்த சுற்றிலும். மற்றவர்களின் தடங்கள் அங்கே ஈரக் காலோடு வீட்டுக்குள் வந்த குழந்தைகளுடையது மாதிரி இறைந்து கிடந்தன. இதற்கு மட்டும் ஒரே தடம். அவர் எண்ண ஆரம்பித்தார். பத்து, பதினேழு, இருபத்திமூன்று. முப்பது வருடமாக நூல் கட்டி, மட்டம் வைத்து, முழங்கால் தேய டைல்ஸ் போட்டவருக்கு, அசையாத தரையிலேயே இருபத்திமூன்று கல்லை அப்படி வரிசையாக வைப்பது என்ன பாடு என்று தெரியும். இது ஓடிக்கொண்டே, இருநூற்று ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில். அந்த நேரத்தில் உள்ளே இருப்பது தன் தங்கச்சி என்பதே அவருக்கு மறந்து போயிருந்தது. ஐந்து மணிக்கு எட்டு நிமிடம் இருக்கும்போது, வாயிலிருந்த பஞ்சைத் துப்பிவிட்டு, தனக்குத்தானே பேசிக்கொள்வது மாதிரி, “நூல் புடிச்ச மாதிரி… அடப்பாவி, நூல் புடிச்ச மாதிரி” என்றார்.

மேட்டுக்குக் கேட்டது. முதலில் பல் டாக்டர் குப்புறப் படுத்தார், பிறகு தேய்ப்புக்கடை அம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு படுத்தார், பிறகு கேன்டீன்காரர், பிறகு மொத்த மேடும். நாலாயிரத்து இருநூறு பேர் புல்லில் கன்னம் வைத்து ஒரு கண்ணை மூடிக்கொண்டார்கள். சாம்பல் வண்டி தன் கடைசிச் சுற்றுக்கு வந்தது. வெளிச்சக் கோடு அசையாமல் வந்தது. டயர் வந்து அந்தக் கட்டைவிரல் அகலத்தைத் தொட்டது. யாரும் ‘அடடா’ சொல்லவில்லை, கைதட்டவில்லை. எல்லோரும் மூச்சு விட மறந்துபோனார்கள். மூச்சு மறப்பதன் எடையை அதுவரை யாரும் நிறுத்துப் பார்த்ததில்லை. அது சரிவில் இறங்கிய வேகத்தில் புல்லெல்லாம் ஒரே திசையில் படிந்தது. மூன்றாவது வளைவில் சாலை நான்கு விரல்கடை கீழே போனது. வண்டி ஒரு துளி வேகம் குறையாமல், வளைவு என்று ஒன்று அங்கே இல்லவே இல்லாதது மாதிரி போய்விட்டது. எண்பத்தாறு புள்ளி ஒன்பது. ஒலிபெருக்கிக்காரர் அதை மூன்று முறை படித்தார். மூன்றாவது முறை அவர் குரல் உடைந்துவிட்டது. ரசமட்டம் எழுந்திருக்காமல் மண்ணில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார். வெட்கமில்லாமல், சத்தமாக அழுதார்.

கொட்டகையில் ஒரு சின்னச் சிக்கல். தங்கச்சியால் வண்டியைவிட்டு எழுந்திருக்க முடியவில்லை. நான்கு மெக்கானிக்குகள் சேர்ந்துதான் தூக்கி இறக்கினார்கள். ஓட்டம் முடிந்ததும் ஓட்டுநரை நிறுத்துப் பார்ப்பது விதி. காலையில் ஐம்பத்தேழு கிலோ இருந்தவள் இப்போது தொண்ணூற்றெட்டு காட்டினாள். ஆள் அதே ஆள், அதே ஒல்லி. இன்ஜினியர் எடை எந்திரத்தைத் தட்டிப் பார்த்தார், தானே ஏறிப் பார்த்தார், கண்ணாடியை நெற்றியிலிருந்து மூக்குக்கு இறக்கி மறுபடி பார்த்தார். பிறகு ‘மேடு’ கட்டத்தில் இப்படி எழுதினார்: இதுவரை சோதனை ஓட்டத்தில் ரசிகர்கள் வண்டியை மட்டும்தான் பார்த்தார்கள், எடை வண்டி மேல் விழுந்து, வளைவு முடிந்ததும் பெரும்பாலும் உதிர்ந்துவிட்டது. இன்றைக்கு ஓட்டியதைப் பார்த்தார்கள். பாதி ஓட்டியவர் மேல் விழுந்திருக்கிறது. உதிர்வதாகத் தெரியவில்லை. பிளாஸ்டிக் நாற்காலிக்காரர் நல்ல மனுஷன். கையுறையைக் கழற்றிவிட்டு வந்து கை கொடுத்தார். கொடுத்த கை ஒரு வாரம் வீங்கியிருந்தது.

சீட் அவளுக்குக் கிடைத்தது. ஒன்பது வருடம் ஓட்டினாள். பதினோரு பந்தயம் ஜெயித்தாள். மூன்றாவது வருடத்திலிருந்து எல்லா அணிகளும் அந்த அகல மூக்கை வைத்துக்கொண்டன. இப்போது வருகிற ரசிகர்கள் அதைத்தான் அழகு என்கிறார்கள். மூன்றாவது வளைவுப் பள்ளத்தை டிராக் நிர்வாகம் மூடவில்லை, ஓரத்தில் மஞ்சள் பெயிண்ட் அடித்ததோடு சரி. தொண்ணூற்றெட்டு கிலோ குறையவே இல்லை; ஒவ்வொரு சீசனிலும் ஒன்றிரண்டு ஏறியது. டாக்டர்கள் நாடி பார்த்து, ரத்தம் பார்த்து, ஒரு குறையும் இல்லை என்றார்கள். அவளுக்கும் அது பாரமாக இல்லை. படி ஏறும்போது மட்டும் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொள்வாள். வீட்டில் இரண்டு ஸ்டூல் உடைந்தது. இரும்பில் ஒன்று செய்து போட்டார்கள்.

தரைதான் தாங்கவில்லை. வாசலிலிருந்து சமையலறை வரைக்கும், அங்கிருந்து அவள் அறை வரைக்கும், அவள் கால் வைத்த டைல்ஸ் எல்லாம் ஒவ்வொன்றாக அமுங்கின. முதல் முறை ரசமட்டம் மொத்தத்தையும் பெயர்த்துப் புதிதாகப் போட்டார். ஒரு மாதத்தில் மறுபடி அமுங்கியது. இரண்டாம் முறை பெயர்க்க உளியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தவர், வழக்கம் போலக் குப்புறப் படுத்து, கன்னத்தைத் தரையில் வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். எல்லாப் பள்ளமும் ஒரே ஆழம், ஒரே இடைவெளி. வெகு நேரம் அப்படியே படுத்துக் கிடந்தார். தங்கச்சி டீயோடு வந்து, “என்னண்ணே, மயக்கமா?” என்று கேட்டாள். ஒன்றும் இல்லை என்று எழுந்து, உளியைத் துடைத்துப் பையில் போட்டுவிட்டார். ஊரில் ஒரு நூல் ஏற்ற இறக்கம் இருந்தாலும் கல்லைப் பெயர்த்து எறிகிறவர் வீட்டில் இப்படி ஒரு தரையா என்று வருகிறவர்கள் கேட்பதுண்டு. “பாத்து வாங்க, என் தங்கச்சி நடந்த எடம்” என்று மட்டும் சொல்வார். வருகிறவர்களும் அதற்கு மேல் கேட்காமல், அந்தப் பள்ளங்களிலேயே ஒவ்வொரு காலாக வைத்து உள்ளே வந்து உட்காருவார்கள்.